கொழுப்புக் கடத்திகள் வழியாக நீடித்த மருந்து வெளியீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் படிக்கும் மாணவர்களும், வார்டில் பணிபுரியும் செவிலியர்களும், வீட்டில் ஒருவருக்கு இத்தகைய மருந்து எழுதித் தரப்பட்டதால் விளக்கம் தேடும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். நோயாளிகளுக்கு உண்மையில் பயன்பட்டுவரும் மருந்துகளையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். இங்குள்ள அளவுகள் புரிதலுக்கானவை. யாருக்கு எவ்வளவு என்பதைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நீடித்த மருந்து வெளியீடு எதற்குத் தேவைப்படுகிறது?

சாதாரண ஊசியாகச் செலுத்தப்படும் மருந்து ரத்தத்தில் சட்டென உயர்ந்து, பின்னர் வேகமாகச் சரிகிறது. உச்சத்தில் இருக்கும்போது பக்கவிளைவும், சரிந்தபின் பயனின்மையும் நேர்கின்றன. சில மருந்துகளுக்கு இந்தச் சரிவு பெரும் இழப்பாகும். சைட்டரபின் என்னும் புற்றுநோய் மருந்து, டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்களை மட்டுமே கொல்லக்கூடியது. மருந்து இருக்கும் சில மணி நேரத்தில் அந்த நிலைக்கு வராத செல்கள் தப்பிவிடுகின்றன. அளவைக் கூட்டுவதைவிட, குறைந்த செறிவிலேனும் நெடுநேரம் மருந்தை அங்கே இருத்துவதே இவ்வகை மருந்துக்குப் பயன் தரும்.

அதற்குக் கொழுப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

உடலுக்குக் கொழுப்பு அந்நியமானது அன்று. செல்களின் சவ்வே பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு வகையாலும் கொலஸ்ட்ராலாலும் ஆனது. அவற்றைச் சிதைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நொதிகள் உடலில் ஏற்கெனவே உள்ளன. ஆகவே மருந்து தீர்ந்தபின் கடத்தியை அறுத்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பமிலச் சங்கிலியின் நீளத்தையும் அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளையும் மாற்றுவதன் மூலம் சவ்வின் இறுக்கத்தை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளவும் முடிகிறது. குறைகளும் உண்டு: கொழுப்பு ஆக்சிஜன் பட்டால் கெடும், சுமக்கும் மருந்தின் அளவு பெரும்பாலும் குறைவு, தயாரிப்புச் செலவு அதிகம்.

இது முற்றிலும் புதிய தொழில்நுட்பமா?

இல்லை. மனநல மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாகப் போடப்பட்டுவரும் மாத ஊசியே இதன் எளிய வடிவம். ஹாலோபெரிடால் என்னும் மருந்துடன் பத்துக் கார்பன் கொண்ட டெக்கனோயிக் அமிலத்தை இணைத்து, அதை எண்ணெயில் நன்றாகக் கரையும்படி மாற்றி, நல்லெண்ணெயில் கரைத்துப் பிட்டத்துத் தசையில் ஆழமாகச் செலுத்துகிறார்கள். எண்ணெய்த் துளியிலிருந்து சுற்றியுள்ள திசுநீருக்கு அந்தச் சேர்மம் மிக மெல்லக் கசிகிறது. கசிந்ததை நொதிகள் உடைத்து ஹாலோபெரிடாலாக மாற்றுகின்றன. ரத்தத்தில் அதன் செறிவு ஏறத்தாழ ஆறாம் நாளில் உச்சத்தை அடைந்து, பின்னர் சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது.

குடும்பத்தினர் இதில் இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது. ரத்தத்தில் மருந்து நிலையான அளவை எட்ட மூன்று அல்லது நான்கு மாத ஊசிகள் ஆகும் என்பதால், முதல் ஊசியிலேயே முழுப் பயனையும் எதிர்பார்க்கக் கூடாது. மேலும், ஒருமுறை செலுத்திய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை. நடுக்கமோ தசை இறுக்கமோ தோன்றினால் மருந்து தானாகக் குறையும்வரை அதற்குரிய மாற்றுமருந்தைக் கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லிப்போசோம் என்பது என்ன?

பாஸ்போலிப்பிட் மூலக்கூறின் தலைப்பகுதி நீரை நாடும். வால்பகுதி நீரை விலக்கும். நீரில் விடப்பட்டால் இம்மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து இரட்டை அடுக்காக அமைந்து, தாமாகவே மூடிய கோளங்களாகின்றன. இக்கோளமே லிப்போசோம். இங்கிலாந்தின் பாப்ரஹாம் ஆய்வு நிறுவனத்தில் அலெக் பேங்ஹம் என்பவர் 1960களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் இதைக் கண்டறிந்தார். அவருடைய அக்கறை செல்சவ்வைப் புரிந்துகொள்வதில் இருந்தது. இக்கோளங்களை மருந்துக் கடத்திகளாக்கும் முயற்சி 1970களில் கிரிகோரி கிரிகோரியாடிஸ் போன்றோரால் முன்னெடுக்கப்பட்டது. நீரில் கரையும் மருந்து கோளத்தின் உட்புற நீரிலும், கொழுப்பில் கரையும் மருந்து சவ்விலும் இடம்பெறும்.

எந்தக் கொழுப்பு, எவ்வளவு மெதுவாக மருந்தை விடும்?

ஒவ்வொரு பாஸ்போலிப்பிட்டுக்கும் ஒரு நிலைமாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகள் நெருங்கி விறைத்திருக்கும். மேலே இளகி அசையும். பதினான்கு கார்பன் சங்கிலி கொண்ட டி.எம்.பி.சி.க்கு இது சுமார் 24 டிகிரி செல்சியஸ். பதினாறு கொண்ட டி.பி.பி.சி.க்கு 41, பதினெட்டு கொண்ட டி.எஸ்.பி.சி.க்கு 55. உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் முதலாவது இளகிக் கசியும், மூன்றாவது இறுகிய சுவராக நிற்கும். கொலஸ்ட்ரால் சேர்ப்பதால் இளகிய சவ்வு செறிவடைகிறது, ரத்தப் புரதங்கள் கொழுப்பை உருவிச் செல்வதும் குறைகிறது. 'லிப்போசோமாக்கினோம், வெளியீடு மெதுவானது' என்று மட்டும் எழுதி, எந்தக் கொழுப்பு என்பதைச் சொல்லாமல் விடும் ஆய்வறிக்கை ஒன்றையும் சொன்னதாகாது.

கோளத்துக்குள் மருந்தை எப்படி நிரப்புகிறார்கள்?

மருந்துக் கரைசலிலேயே கோளங்களை உருவாக்கினால், தற்செயலாக உள்ளே அகப்பட்ட சிறு பங்கு மட்டுமே மிஞ்சும். பெரும்பகுதி வெளியே வீணாகும். டாக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்துக்கு இதைத் தீர்த்த முறை, இத்துறையின் மிக அழகான வேதியியல் என்று நான் கருதுவது.

முதலில் அமோனியம் சல்பேட் கரைசலில் வெற்றுக் கோளங்களைச் செய்கிறார்கள். பின்னர் வெளியே உள்ள அமோனியம் சல்பேட்டை மட்டும் நீக்கிவிடுகிறார்கள். உள்ளே எஞ்சிய அமோனியம் அயனியிலிருந்து மின்னூட்டமற்ற அம்மோனியா சவ்வைக் கடந்து வெளியேற, ஒரு புரோட்டான் உள்ளேயே தங்குகிறது; உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. இப்போது வெளியிலிருந்து டாக்ஸோரூபிசினைச் சேர்த்துச் சூடேற்றினால், வலுக்குறைந்த காரமான அது மின்னூட்டமற்ற வடிவில் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்து, அங்கே புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் பெற்றதால் அது சவ்வைத் திரும்பக் கடக்க இயலாது. சல்பேட்டுடன் சேர்ந்து இழைபோன்ற படிகமாகவும் உறைந்துவிடுகிறது. சேர்த்த மருந்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வாறு உள்ளே சென்றுவிடும். ஒரு கோளத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அடைபடும். உறைபனி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவே ஒரு கோடு கிழித்தாற்போல் அந்தப் படிகம் தெரியும். இனி மருந்து வெளியே வரவேண்டுமானால் படிகம் கரைய வேண்டும், மருந்து புரோட்டானை இழக்க வேண்டும், இறுகிய சவ்வையும் கடக்க வேண்டும். நீடித்த வெளியீடு இந்த மூன்று தடைகளின் கூட்டு விளைவே ஆகும்.

சிரை வழியே செலுத்தியதும் கல்லீரல் அவற்றைப் பிடித்துவிடாதா?

பிடித்துவிடும். பழைய லிப்போசோம்களைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் மிக விரைவில் விழுங்கிவிட்டன. கோளத்தின் மேற்பரப்பில் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைப் பதித்தபோது, அவற்றைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் ரத்தப் புரதங்கள் ஒட்டுவதைக் குறைத்தது. இவ்வாறு ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குள் அமைந்த டாக்ஸோரூபிசின் லிப்போசோம், டாக்ஸில் என்ற பெயரில் 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. யெக்கஸ்கேல் பாரன்ஹோல்ஸ், ஆல்பர்ட்டோ கபிசான் ஆகியோர் ஜெருசலேமில் மேற்கொண்ட ஆய்வு இதற்கு அடிப்படையாக இருந்தது.

சாதாரண டாக்ஸோரூபிசின் சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பரவிவிடுகிறது. டாக்ஸிலில் உள்ள மருந்தோ சுமார் 55 மணி நேர அரை ஆயுளுடன் ரத்தத்திலேயே சுற்றுகிறது. இதயத் தசையின் நுண்குழாய்ச் சுவரைக் கோளம் எளிதில் கடப்பதில்லை என்பதால், அம்மருந்தின் பெருங்கேடான இதயப் பாதிப்பு குறைகிறது. கட்டிகளின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் கோளங்கள் அங்கே தாமாகக் குவியும் என்ற விளக்கம் எலிகளில் காட்டிய அளவுக்கு மனிதர்களில் சீராகப் பொருந்தவில்லை. பாடநூல்கள் இதை உறுதியான விதிபோல எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மெதுவாக வெளியானால் பக்கவிளைவே இராதா?

பக்கவிளைவு மறைவதில்லை, இடம் மாறுகிறது. நெடுநேரம் சுற்றும் கோளங்கள் தோலையும் சென்றடைவதால், டாக்ஸில் பெறுவோரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, சில வேளை தோல் உரிகிறது. உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 50 மி.கி. பெற்ற சூலகப் (ஓவரி) புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது ஏதேனும் ஓர் அளவில் தோன்றியது. மருந்தேற்றிய அடுத்த சில நாள்களுக்கு வெந்நீரில் கைகால்களை நனைப்பதையும், இறுக்கமான செருப்பையும், உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும் வேலைகளையும் தவிர்ப்பது உதவும். தோல் உரியத் தொடங்கினால் அடுத்த தவணைவரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தவணையைத் தள்ளிப்போடுவதோ அளவைக் குறைப்பதோ தேவைப்படலாம்.

முதல் தவணையின்போது முகம் சிவத்தல், மூச்சுத்திணறல், முதுகுவலி ஆகியவை சிலருக்கு நேர்கின்றன. நோயெதிர்ப்பு அமைப்பு கோளங்களை அந்நியத் துகள்களாகக் கண்டு வினைபுரிவதே இதற்குக் காரணம். அதனால்தான் நிமிடத்துக்கு 1 மி.கி. என்ற மெதுவான வேகத்தில் தொடங்குகிறார்கள்.

ரத்தத்தில் சுற்றாமல் ஓரிடத்திலேயே தங்கி மருந்தை விடும் வகை உண்டா?

உண்டு; நீடித்த வெளியீடு என்ற சொல்லுக்கு முழுதும் பொருந்துவது இவ்வகையே. பல அறைகள் கொண்ட லிப்போசோமை, முத்துகள் நெருங்கி அடைந்திருக்கும் மாதுளம்பழம்போல எண்ணிக்கொள்ளலாம்: ஒவ்வோர் அறையிலும் மருந்துக் கரைசல், அறைகளுக்கிடையே மெல்லிய கொழுப்புச் சுவர். ஓர் அறை உடைந்தாலும் மற்றவை நிலைத்திருப்பதால் மருந்து தவணைமுறையில் வெளிவருகிறது. துகள்கள் பல மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. ஆகவே செலுத்திய இடத்தைவிட்டு அவை எளிதில் நகர்வதில்லை.

முன்னர்க் கூறிய சைட்டரபினை இம்முறையில் அடைத்த டெப்போசைட் என்ற மருந்து 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிணநீர்ப் புற்றுநோய் மூளைச்சவ்வுக்குப் பரவியவர்களுக்கு, வாரம் இருமுறை முதுகுத்தண்டில் போட்டுவந்த ஊசியை அது இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கியது. அந்த நோயாளிகளின் வேதனையை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளியின் மதிப்பு விளங்கும். உற்பத்திச் சிக்கல்களால் 2017இல் அது நிறுத்தப்பட்டது. கடத்தி சிறந்ததாக இருப்பினும், அதைத் தொடர்ந்து ஒரே தரத்தில் தயாரிக்க இயலாவிட்டால் நோயாளிக்குக் கிடைக்காது.

அறுவைக் காயத்தில் செலுத்தப்படும் பூபிவகைன் மரப்பு மருந்தின் இத்தகைய வடிவமான எக்ஸ்பாரல் 2011இல் ஒப்புதல் பெற்றது. ஆயினும் நரம்பைச் சுற்றிச் செலுத்தும் முறையில், சாதாரண பூபிவகைனைவிட அது மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க மேன்மை காட்டவில்லை என்று 2021இல் 'அனஸ்தீசியாலஜி' இதழில் வெளியான தொகுப்பாய்வு முடிவு செய்தது. ஆய்வகத்தில் மெதுவாக வெளியாவதும் நோயாளியின் வலி குறைவதும் ஒன்றல்ல என்பதால், இதன் விலையைக் கொடுக்குமுன் எந்த அறுவைக்கு, எந்த முறையில் என்று கேட்பது நியாயமே.

இன்னொரு வகையில், பாஸ்பட்டிடைல்கோலினும் கிளிசரால் டைஓலியேட்டும் கலந்த நீர்மம் தோலுக்கடியில் செலுத்தப்பட்டதும் திசுநீரை உறிஞ்சித் திரவப்படிகக் கூழாக மாறுகிறது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கான பியூபிரநார்பின் வார ஊசியும் மாத ஊசியும் இம்முறையில் அமைந்தவை. ஐரோப்பாவில் 2018இலும் அமெரிக்காவில் 2023இலும் ஒப்புதல் பெற்றன.

திடக்கொழுப்பு நானோத்துகள்கள் எங்கே பொருந்துகின்றன?

உடல் வெப்பத்திலும் உருகாத ஸ்டியரிக் அமிலம், கிளிசரில் மோனோஸ்டியரேட் போன்றவற்றை உருக்கி, நானோ அளவில் சிதறடித்துக் குளிரவிட்டால் இவை கிடைக்கின்றன. சேமிப்பின்போது கொழுப்பு மேலும் ஒழுங்கான படிகமாக மாறி மருந்தை வெளியே தள்ளிவிடுவதே இவற்றின் குறை. திடக்கொழுப்புடன் சிறிது எண்ணெயைக் கலந்து படிக ஒழுங்கைக் குலைத்தால் மருந்துக்கு இடம் கிடைக்கும். இரண்டாம் தலைமுறைத் துகள்கள் இக்கருத்தில் அமைந்தவை.

லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினும் நீடித்த வெளியீட்டு மருந்துதானா?

முழுப் பொருளில் இல்லை. பூஞ்சைக்கு எதிரான இம்மருந்து கோளத்தின் உள்நீரில் இல்லை. சவ்விலேயே கொலஸ்ட்ராலுடன் பிணைந்திருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலை நெருங்கும்போது கொலஸ்ட்ராலை விட்டு எர்கோஸ்டெராலைப் பற்றுகிறது. இடையில் சிறுநீரகம் பெரிதும் காக்கப்படுகிறது. மேக்ரோஃபேஜ்கள் கோளங்களை விழுங்குவது டாக்ஸிலுக்குத் தடையானது. இம்மருந்துக்கு அதுவே ஒரு நோயில் நன்மையாகிறது. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் ஒட்டுண்ணி வாழ்வதே மேக்ரோஃபேஜ்களுக்குள்தான். பீகாரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒருமுறை ஏற்றிய லிப்போசோமல் மருந்து 95.7 விழுக்காட்டினரைக் குணமாக்கியது. சாதாரண ஆம்ஃபோடெரிசினை ஒருநாள் விட்டு ஒருநாள் பதினைந்து முறை ஏற்றியபோது கிடைத்தது 96.3 விழுக்காடு. ஏறத்தாழ ஒரு மாத மருத்துவமனை வாசம் ஒரே நாளாகச் சுருங்கியது.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவியபோது இம்மருந்தின் பெயர் தமிழ்நாட்டிலும் வீடுதோறும் தெரிந்தது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் 300 மி.கி., அதாவது 50 மி.கி. வயல் (மருந்துக் குப்பி) ஆறு வேண்டும். அன்றைய தட்டுப்பாட்டின் அளவை இந்தக் கணக்கு விளக்கும்.

ஒரு வடிவம் கிடைக்காதபோது அதே மருந்தின் இன்னொரு வடிவத்தைத் தரலாமா?

மருத்துவர் அளவை மாற்றி எழுதாமல் ஒருபோதும் தரக் கூடாது. சாதாரண ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. லிப்போசோமல் வடிவம் 3 முதல் 5 மி.கி.வரை தரப்படுகிறது. பின்னதற்கு எழுதிய அளவில் முன்னதை ஏற்றினால் இதயமும் மூச்சும் நின்று உயிர் போகலாம். இவ்வகைத் தவறுகளைச் சுட்டி பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் மீண்டும் எச்சரிக்கை விடுத்தது. மருந்துச்சீட்டில் 'ஆம்ஃபோடெரிசின்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வடிவம் என்று கேட்டு எழுதி வாங்கிய பின்னரே மருந்தை எடுக்க வேண்டும்.

ஒரே வடிவத்தின் வேறு நிறுவனத் தயாரிப்பும் எளிதில் ஈடாகிவிடாது. 2012இல் அமெரிக்காவில் டாக்ஸில் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இந்தியாவின் சன் பார்மா குழுமத்தின் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அந்நாட்டு நிர்வாகம் தற்காலிகமாக இசைந்தது; டாக்ஸிலின் முதல் பொதுப்பெயர் மருந்தாக அந்நிறுவனத்தின் தயாரிப்பு 2013இல் முறையான ஒப்புதலும் பெற்றது. கோளத்தின் அளவு, சவ்வின் சேர்க்கை, உள்ளே மருந்து இருக்கும் நிலை, கசிவு வேகம் ஆகிய அனைத்தும் ஒத்திருப்பதாகக் காட்டினால்தான் அத்தகைய ஒப்புதல் கிடைக்கும்.

வயலைத் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

அந்தந்தத் தயாரிப்பின் வழிமுறைத் தாளையே பின்பற்ற வேண்டும். லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினின் வணிகப்பெயர்களில் ஒன்றான ஆம்பிசோம் மஞ்சள் நிறத் தூளாக வருகிறது. 50 மி.கி. வயலில் ஊசிக்கான தூயநீர் 12 மி.லி. விட்டு, உடனே அரை நிமிடமேனும் பலமாகக் குலுக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கட்டி ஏதுமின்றி மங்கலான மஞ்சள் நீர்மமாகத் தெரிய வேண்டும். பின்னர் 5 மைக்ரான் வடிகட்டி வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். உப்புநீர் பட்டால் மருந்து படிந்துவிடும் என்பதால், ஏற்கெனவே சலைன் ஓடிய குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். எக்ஸ்பாரலுக்கு முறை இதற்கு நேர்மாறானது: வயலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தித் துகள்களைக் கலக்க வேண்டும், 25 கேஜைவிட மெல்லிய ஊசி கூடாது, தூயநீர் சேர்த்தால் துகள்கள் வெடித்துவிடும், லிடோகெய்ன் போட்ட இடத்தில் இருபது நிமிடம் கழிந்த பின்னரே இதைச் செலுத்தலாம்.

டாக்ஸில், எக்ஸ்பாரல் இரண்டையும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது. பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிட்டால், நீடித்து வெளிவர வேண்டிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் கலக்கும். உறைந்து உருகிய வயல் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் இருந்ததும் இதுதானா?

அதுவும் கொழுப்பு நானோத்துகளே, நோக்கம் வேறு. ஆர்.என்.ஏ.வை நொதிகளிடமிருந்து காத்து, செல்லுக்குள் விரைவாக விடுவிப்பதே அதன் பணி. நெடுநாள் கசியவிடுவது அங்கே நோக்கமன்று.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். பாஸ்பட்டிடைல்கோலினையும் கொலஸ்ட்ராலையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழல் ஆவியாக்கியைக் கொண்டு கரைப்பானை நீக்கினால், குடுவையின் சுவரில் மெல்லிய படலம் படியும். எஞ்சிய கரைப்பானை வெற்றிடத்தில் முற்றிலும் அகற்றிய பின், நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேல் சூடாக்கிய தாங்கல் கரைசலை விட்டுச் சுழற்றினால் பால்போன்ற கலங்கல் கிடைக்கும். 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட பாலிகார்பனேட் சவ்வின் வழியே பலமுறை அழுத்தித் தள்ளினால் கோளங்கள் ஏறத்தாழ ஒரே அளவை அடையும்.

மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வெளியீட்டுச் சோதனையில்தான். கோளங்களை டயாலிசிஸ் பையில் கட்டி, 37 டிகிரியில் தாங்கல் கரைசலில் தொங்கவிட்டு, வெளியே வரும் மருந்தை அளக்கிறார்கள். ஆனால் அந்தப் பையே மருந்தைத் தாமதப்படுத்தும். வெறும் மருந்துக் கரைசலைக் கட்டினாலும் அது உடனே வெளியே வந்துவிடாது. ஆகவே கோளங்கள் இல்லாத மருந்தை அதே பையில், அதே அளவில் வைத்து இணையாக ஒரு சோதனை நடத்தி, இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். வெளியிலுள்ள கரைசலின் கொள்ளளவும், மருந்து முழுவதும் வெளியே வந்தாலும் அதில் எளிதில் கரையுமளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், அந்தச் சோதனை அளந்தது பையின் வேகத்தை. அப்போது வேறு கொழுப்பையோ வேறு ஏற்றும் முறையையோ தேடுவதற்கு முன் சோதனை முறையையே மாற்ற வேண்டும்.